நஞ்சை, புஞ்சை, சுண்டுவிரல்: கும்பகோணத்தில் வடிவமைத்த ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு

இந்தக் கீபோர்டைச் செய்து தரச் சொல்லிக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கும்பகோணத்தில் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவில் பத்திரம் எழுதுகிறவர். தட்டச்சு மிஷின் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறார். பிறகு தமிழ்99 என்ற கணினி விசை அமைப்புக்கு மாறி, விசைகளைக் குனிந்து பார்க்காமல் அடிக்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. மற்றவர் மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள்காரர். அலமாரி நிறைய மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்சும் ஸ்பிரிங்கும் உள்ளது) வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்விட்சைப் பிரித்து கிரீஸ் தடவ உட்கார்ந்துவிடுகிற ரகம். முன்னவரைக் கெடுத்தது இவர்தான். குடும்பச் சொத்து விஷயமாகப் போனவர் தன் கீபோர்டு ஒன்றை அங்கே கொஞ்ச நாள் விட்டு வைக்க, பத்திர எழுத்தருக்கு அதன் பிறகு தன்னுடைய பழைய ரப்பர் கீபோர்டு கைக்கு ஒட்டவே இல்லை.

இருவருக்கும் சேர்த்து ஒரே வடிவமைப்பு, மொத்தம் ஐந்து பலகைகள் என்று பேசி முடித்தோம். பிசிபி (மின்சுற்றுப் பலகை) போட்டுத் தரும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஐந்துக்குக் குறைந்து எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் அந்த ஐந்துக்குக் காரணம். வடிவமைப்பும் பொருத்தலும் என் பொறுப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஸ்டம் கீபோர்டு பற்றி இன்று கிடைக்கும் யோசனைகள் எல்லாம் ஆங்கிலம் அடிக்கிற கையை வைத்துச் சொல்லப்பட்டவை. எந்த ஸ்விட்ச் நல்லது, எந்த ஸ்பிரிங் போதும், ஷிஃப்ட் எங்கே இருக்கலாம் என்பதெல்லாம் ஆங்கிலத்தில் எந்த விரலுக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கில் வந்த முடிவுகள். தமிழ் அடிக்கிற கைக்கு அந்தக் கணக்கு சரிவராது. எங்கள் வேலையில் முக்கியமான முடிவுகள் எல்லாம் அந்த வித்தியாசத்திலிருந்துதான் வந்தன. மரமும் பித்தளையும் அதற்குப் பிறகுதான்.

சுண்டுவிரல் கணக்கு

முதல் நாள் பேச்சிலேயே பத்திர எழுத்தர் விஷயத்துக்கு வந்துவிட்டார். "தம்பி, சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நஞ்சைன்னு அடிச்சா சுண்டுவிரல் கெஞ்சுது. அதுக்கு ஏதாவது வழி பண்ணு."

சும்மா சொல்லவில்லை அவர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். இரண்டு கையும் மாறி மாறி அடிக்க வேண்டும் என்பதுதான் அதன் யோசனை, அது நல்ல யோசனையும்கூட. ஆனால் தமிழில் மெய்கள் பதினெட்டு. வலக்கையில் அத்தனைக்கும் இடம் தேட, ஓரத்து விசைகள் எல்லாம் எழுத்துகளாகிவிட்டன. ஆங்கிலத்தில் வலது சுண்டுவிரலுக்கு எழுத்து என்று இருப்பது 'பி' ஒன்றுதான், மற்றதெல்லாம் அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி. தமிழ்99-இல் அதே விரலின் பொறுப்பில் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. இதில் ஞ, ழ கொஞ்சம் அபூர்வம். ச, ந, ய மூன்றும் வரிக்கு வரி வருகிறவை.

இப்போது 'நஞ்சை'யை அடித்துப் பாருங்கள். ந, ஞ, ச, ஐ. ஞ-வுக்கு அடுத்து ச வந்தால் நடுவில் புள்ளி தானாக விழுந்துவிடும், ஆக நாலே தட்டு. நாலில் மூன்று, அதுவும் அடுத்தடுத்து, வலது சுண்டுவிரலுக்கு. நடு வரிசையிலிருந்து மேல் வரிசையின் கோடிக்கு எட்டி, அங்கிருந்து ஒரு விசை உள்ளே வர வேண்டும். 'புஞ்சை'க்கு இரண்டு. 'தஞ்சாவூர்' என்று மாவட்டத்தின் பெயரை அடித்தாலும் அதே ஞ, ச. காவிரிப் படுகையில் நிலப் பத்திரம் எழுதுகிறவர் ஒரு நாளைக்கு இந்த மூன்று சொல்லையும் எத்தனை முறை அடிப்பார் என்று யோசித்தால், அந்த விரல் ஏன் கெஞ்சுகிறது என்று புரியும்.

ஷிஃப்ட்டும் இதே விரல் தலையில்தான். தமிழ்99-இல் ஷிஃப்ட்டோடு வரும் கிரந்த எழுத்துகள் ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ ஐந்தும் மேல் வரிசையின் இடது பாதியில் இருக்கின்றன. இடக்கை எழுத்துக்கு வலக்கை ஷிஃப்ட் என்பது தட்டச்சு நிலையத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்த விதி. ஆகவே 'ராஜகோபால்', 'ஸ்டாம்பு', 'ரிஜிஸ்தர்' எல்லாமே வலது சுண்டுவிரலின் செலவு.

எழுத்துகளின் இடத்தை மாற்றலாமா என்ற பேச்சும் வந்தது. மென்பொருள்காரருக்கு அதில் ஆசை. நான் வேண்டாம் என்றேன். பத்திர எழுத்தரிடம் இருபது வருஷப் பழக்கத்தை மாற்றச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் பக்கத்துக் கடைக் கணினியில் உட்கார்ந்தால் தடுமாறிப் போவார். எழுத்து இருக்கும் இடத்திலேயே இருக்கும், அந்த இடத்தை விரலுக்கு இலகுவாக்குவோம் என்று தீர்மானித்தோம்.

வழி இரண்டு வகையில் வந்தது. ஒன்று, ஸ்பிரிங். பலகை முழுக்க ஒரே எடை ஸ்விட்ச் போடுவதுதான் வழக்கம். நாங்கள் பொதுவாக 50 கிராம் அழுத்தத்தில் வேலை செய்யும் லீனியர் ஸ்விட்ச் (தடங்கலில்லாமல் நேராக இறங்கும் ரகம்) போட்டு, சுண்டுவிரல் பகுதிக்கு மட்டும் 35 கிராம் போட்டோம். மாதிரிப் பலகையில் ஒரு வேடிக்கை. பத்திர எழுத்தர் கட்சிக்காரரோடு பேசுவதற்காகக் கையை அப்படியே விசைமேல் வைத்துக்கொண்டு திரும்புவார், திரையில் ந-வாக நீண்டுகொண்டே போகும். ந இருப்பது சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடத்தில். விரலின் எடையே 35 கிராம் ஸ்பிரிங்கை அமுக்கப் போதுமாக இருந்தது. ஆகவே ந-வுக்கு மட்டும் 45, அதைச் சுற்றியிருக்கும் ண, ச, ஞ, ய, ழ-வுக்கு 35 என்று பிரித்தோம். கையில் தூக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, சாயங்காலம் நாலு மணிக்குத் தெரியும் என்பது அவருடைய தீர்ப்பு.

இரண்டு, ஷிஃப்ட்டைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தது. வழக்கமான ஸ்பேஸ்பார் 6.25 அலகு நீளம் (ஓர் அலகு என்பது 19.05 மி.மீ., ஒரு எழுத்து விசைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்). அவ்வளவு நீளக் கட்டையில் இரண்டு கட்டைவிரலும் எப்போதும் ஒரே இடத்தில்தான் தட்டுகின்றன. அதை 2.25, 1.25, 2.75 என்று மூன்றாக வெட்டி, நடுவிலிருக்கும் சின்ன விசையை ஒருமுறை ஷிஃப்ட் ஆக்கினோம். ஒரு தட்டு தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம், அடுத்து வரும் ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் அது பொருந்தும். பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதில் எதிர்பாராத லாபமும் ஒன்று: நீள ஸ்பேஸ்பார் கோணாமல் இறங்கப் பிடித்திருக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சத்தமில்லாமல் பண்ணுவது இந்தக் கலையிலேயே எரிச்சலான வேலை. வெட்டிய துண்டுகளுக்குச் சின்ன ஸ்டெபிலைசர் போதும், கிரீஸ் வைத்தால் அடங்கிவிடுகிறது.

இரட்டிக்கும் எழுத்து, குதிக்கும் ஸ்விட்ச்

தமிழ்99-இன் இன்னொரு குணம், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வருவது. ப, ட, ட, ஆ என்றால் 'பட்டா'. ஏக்கர், எல்லை, சொத்து, சிட்டா என்று பத்திரத்தின் பாதிச் சொற்களில் இரட்டிப்பு இருக்கிறது. ஆக, ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை விரைந்து தட்டுவது ஆங்கிலத்தில் எப்போதாவது, தமிழில் எப்போதும்.

ஸ்விட்ச் தேர்வில் இது முக்கியம். மென்பொருள்காரருக்குப் பிடித்தது கிளிக் சத்தம் போடுகிற ரகம். 1983-இல் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச் குடும்பம்தான் இன்றைக்கும் எல்லோரும் பின்பற்றும் அளவு. அதில் நீலத் தண்டு கிளிக் ரகம், சிவப்பும் கறுப்பும் தடங்கலில்லாமல் இறங்கும் லீனியர், பழுப்பு நடுவில் லேசாக முட்டும் ரகம். நீலத்தில் உள்ள சிக்கல் அதன் சத்தம் மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே கிளிக் கொடுக்கும் துண்டு தனியாக நழுவுவதால், இறங்கும்போது எழுத்து பதிவாகும் இடமும் ஏறும்போது விடுபடும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. விடுபடும் இடம் மேலே இருக்கிறது. இரண்டாவது தட்டுக்கு விரலை அதிகம் தூக்க வேண்டும், தூக்காமல் அவசரமாகத் தட்டினால் இரண்டாவது தட்டு பதிவாகாமல் போகும். 'பட்டா' 'படா' ஆகிவிடும். லீனியரில் இரண்டு இடமும் ஏறத்தாழ ஒன்றுதான். மொத்த இறக்கம் 4 மி.மீ., பதிவாவது ஏறத்தாழ 2 மி.மீ. ஆழத்தில், விரல் அந்த இடத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்துக்கு வேண்டுமானால் கிளிக் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்99 அடிக்கிறவருக்கு லீனியர்தான் என்று இந்த வேலைக்குப் பிறகு கூசாமல் சொல்லுவேன்.

எதிர்த்திசையிலும் ஒரு ஆபத்து உண்டு. ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தொடலாகத் தொடுவதில்லை, மில்லி வினாடிக் கணக்கில் குதித்து அடங்கும். ஸ்விட்ச் பழசாகும்போதும் தூசியும் ஈரமும் சேரும்போதும் இந்தக் குதிப்பு நீளும், ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் இது நடந்தால் ஒரு எழுத்து கூடுதலாக விழும், பார்த்தவுடன் தெரியும். தமிழ்99-இல் 'வீடு' 'வீட்டு' ஆகும், 'மேடு' 'மேட்டு' ஆகும், 'ஆறு' 'ஆற்று' ஆகும். மூன்றுமே சரியான சொல். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்குக்கூடப் பிடிபடாது. நான்கெல்லை விவரத்தில் இப்படி ஒன்று நுழைந்தால் வாக்கியமே கோணலாகிவிடும் என்று பத்திர எழுத்தர் சிரிக்காமல் சொன்னார்.

குதிப்பை ஃபர்ம்வேரில், அதாவது கீபோர்டுக்குள்ளேயே ஓடும் நிரலில்தான் அடக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தியது கியூஎம்கே என்ற திறந்தமூல ஃபர்ம்வேர். அதில் குதிப்புக்கான காத்திருப்பு வழக்கமாக 5 மில்லி வினாடி. கேம் ஆடுகிறவர்கள் இதைக் குறைக்கத் துடிப்பார்கள். நாங்கள் கூட்டினோம், 10 வைத்தோம். எவ்வளவு வேகமான விரலும் ஒரே விசையை இரண்டு முறை தட்டப் பல பத்து மில்லி வினாடி எடுக்கும், ஆகவே 10-இல் நஷ்டம் ஒன்றுமில்லை. கூடவே, அழுத்தியதை உடனே அனுப்பிவிட்டு, விட்டதை மட்டும் பொறுத்திருந்து பார்க்கும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். முதல் தொடுகை தாமதமில்லாமல் போய்விடும், பின்னால் வரும் குதிப்பெல்லாம் கழிந்துவிடும்.

ஃபர்ம்வேர் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: "இதுல தமிழ் வருமா?" கீபோர்டு எழுத்தை அனுப்புவதே இல்லை. இத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதைத் தமிழாக்குவது கணினியின் வேலை. விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, இயக்கினால் போதும். கீபோர்டிலிருந்தே நேராக யுனிகோடு அனுப்பவும் கியூஎம்கேயில் வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு குறுக்கு வழி, விண்டோஸில் தனி மென்பொருள் வேறு வேண்டும். பத்திரம் எழுதும் மேசையில் அந்த வம்பு எதற்கு?

உள்ளே

அளவு, முழுக் கீபோர்டில் 65 சதவீதம் என்பார்களே, அது. எண் பலகை கிடையாது, அம்புக்குறி விசைகள் உண்டு. பத்திரத்தில் சர்வே எண்ணும் தொகையும் நிறைய வருமே என்று எண் பலகை வேண்டுமா என்று பத்திர எழுத்தரைக் கேட்டுப் பார்த்தேன். மேல் வரிசையே பழக்கம் என்றார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இதைவிடச் சின்னதாக, 40 சதவீதம் என்று கிடைக்கும் பலகைகள் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் சதுர அடைப்புக்குறி விசைகள் இருக்காது, அதாவது தமிழ்99-இல் ச-வும் ஞ-வும் இருக்காது. மென்பொருள்காரர் வைத்திருந்த அப்படிப்பட்ட ஒன்றில் 'தஞ்சாவூர்' அடிக்க முயன்று பார்த்தார் பத்திர எழுத்தர். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

மின்சுற்றில் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. 5 கிடை வரிசை, 15 நெடு வரிசை, ஆக சில்லில் 20 கால் (இணைப்பு முனை) வேண்டும். 2021-இல் வந்த ஆர்பி2040 என்ற கட்டுப்பாட்டுச் சில்லில் இப்படிப் பயன்படுத்தக்கூடிய கால் 30 இருக்கிறது, தாராளம். அதற்கு உள்ளே ஃபிளாஷ் நினைவகம் கிடையாது, வெளியே ஒன்று வைக்க வேண்டும். விசைக்கு ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு). இல்லையென்றால் மூன்று விசை சேர்ந்து அழுந்தும்போது அழுத்தாத நாலாவது எழுத்து பேயாக வந்து நிற்கும். ஸ்விட்சைப் பற்றவைக்காமல் செருகிக் கழற்றும் ஹாட்-ஸ்வாப் சாக்கெட் வைத்தேன். ஸ்பிரிங் எடையை விசை விசையாக மாற்றிப் பார்த்ததெல்லாம் இதனால்தான் முடிந்தது. இன்னொரு காரணம் எறும்பு. டீயும் பிஸ்கட்டும் புழங்குகிற மேசையில் சின்ன எறும்பு கீபோர்டுக்குள் குடித்தனம் வைப்பது இங்கே சாதாரணம். ஸ்விட்சைப் பிடுங்கித் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகிவிடலாம்.

ஸ்விட்சுகள் உட்காரும் பிளேட்டுக்கு பிசிபி செய்கிற அதே எஃப்ஆர்4 என்ற கண்ணாடி இழைத் தகட்டையே போட்டேன். 1.5 மி.மீ. இருக்க வேண்டியது, அதில் 1.6 வரும், ஆனாலும் ஸ்விட்சின் கொக்கி கவ்விக்கொள்கிறது. உலோகப் பிளேட் போட்டால் விறைப்பு கூடும். தட்டச்சு மிஷினில் பழகிய கை ஒவ்வொரு எழுத்தையும் அடிவரைக்கும் இறக்கி அடிக்கும் கை. அந்த அடி திரும்ப மூட்டில்தான் வந்து இறங்கும். அதனால் பிளேட்டைத் திருகு போட்டு இறுக்காமல், மேலும் கீழும் மெத்தை போன்ற கேஸ்கட் துண்டுகளுக்கு நடுவே மிதக்க விட்டோம்.

மரமா உலோகமா

மென்பொருள்காரருக்கு மரக் கூடு வேண்டும். அதுவும் பலா மரம். தஞ்சாவூர் வீணை பலாவில் செய்கிறார்கள், அந்த மரத்துக்கு ஒரு நாதம் இருக்கிறது, கீபோர்டுக்கும் அது வரும் என்பது அவர் வாதம். தஞ்சாவூரில் வீணை செய்யும் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் துண்டு மரத்தைச் சுண்டிக் காட்டிவிட்டு, "நாதம் மரத்துல மட்டும் இல்லீங்க, குடத்தை எவ்வளவு குடையிறோம்கிறதுல இருக்கு" என்றார். கீபோர்டுக்கும் அதே கதைதான். அடியில் வெற்றிடம் எவ்வளவு, பிளேட் எதில் உட்கார்ந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் சத்தத்தை முடிவு பண்ணுகின்றன. கூட்டின் பொருள் அதற்கப்புறம்.

ஒரு கூடு குடைந்து கொடுத்தார். கோடையில் பிரமாதமாக இருந்தது. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் குணம் மாறியது. மரம் ஈரத்தை இழுத்தால் ரேகைக்குக் குறுக்கே உப்பும், ரேகை ஓடும் திசையில் கிட்டத்தட்ட அசையாது. 320 மி.மீ. நீளம் ரேகையோடு போனதால் அதில் வம்பில்லை. அகலம் 112 மி.மீ., அதில் ஒரு சதவீதம் அசைந்தாலே ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நீளவாட்டு விளிம்புகளில் பிளேட் உள்ளே உட்காரும் காடி இறுகி, கேஸ்கட் நசுங்கி, மிதக்க வேண்டிய பிளேட் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. டொக் டொக் என்று ஆழமாக இருந்த சத்தம் டக் டக் என்று வறண்டுபோனது. மென்பொருள்காரர் வீட்டில் ஏசி அறை என்பதால் அவர் அதையே வைத்துக்கொண்டார், காடியை அகலப்படுத்தி, திருகுத் துளைகளை அகலவாட்டில் நீளமாக்கி, உள்பக்கத்துக்கும் சேர்த்து மெழுகு பூசிக் கொடுத்தோம். மற்ற நாலும் அலுமினியம். திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம் கணினி வழி கடையும் ஒரு சிஎன்சி பட்டறையில் கடைந்தது. மரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் திறந்திருக்கும் டெல்டா வீட்டில், மழைக்காலத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கருவிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். முன்னால் வைக்கும் மணிக்கட்டுக் கட்டைக்கு பலாவைவிட நல்லது கிடையாது, எல்லோருக்கும் அதைப் போட்டுக் கொடுத்தோம்.

நாச்சியார்கோவில் பித்தளை

அலுமினியம் லேசு. தட்டச்சு மிஷின் கை பலமாக அடித்தால் பலகை மேசையில் நகரும். அதற்காகக் கஸ்டம் கீபோர்டுகளில் அடியில் ஒரு எடைக்கட்டி பொருத்துவார்கள், பெரும்பாலும் பித்தளை. கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பித்தளைக்கு வெளியூர் போவானேன்? பக்கத்திலேயே நாச்சியார்கோவில், குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்.

நான் கொண்டுபோன வரைபடத்தில் இருந்தது 200 மி.மீ. நீளம், 40 அகலம், 6 தடிமன் கொண்ட ஒரு பட்டை. பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ நீளத் தகடு வார்த்தா ஆறும்போது முறுக்கிக்கும். அப்புறம் நீங்கதான் வந்து சண்டை போடுவீங்க." காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்ப்பதும், வார்த்ததை லேத்தில் ஏற்றிக் கடைவதும்தான் அங்கே கைவந்த வேலை. குத்துவிளக்கு முழுக்க வட்டம். அடிப்பாகம், தண்டு, தட்டு, மேலே பிரபை என்று தனித்தனியாகச் செய்து திருகில் பூட்டுகிறார்கள். தட்டையான நீளப் பட்டை அந்த வேலைமுறைக்குள் வரவே வராது.

சரி, பட்டறைக்கு எது வருமோ அதற்கு வரைபடத்தை மாற்றுவோம் என்று முடிவு பண்ணினேன். ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு வட்ட வில்லைகள். 60 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமன். பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிராம் என்று வைத்தால் வில்லை ஒன்று 240 கிராம், இரண்டும் சேர்ந்து 480. பட்டை 408 கிராம்தான் வந்திருக்கும். 10 மி.மீ. தடிமனுக்கு இடம் எங்கே என்றால், பலகை 7 டிகிரி சாய்வு, பின்பக்கம் முன்பக்கத்தைவிட 13 மி.மீ.க்கு மேல் உயரம். வில்லைகள் எண் வரிசைக்குக் கீழே வசதியாக உட்கார்ந்துவிட்டன. இதைச் சொன்னபோது பட்டறைக்காரர் தலையாட்டினார். விளக்கிலும் அடி கனமாக இருந்தால்தான் எண்ணெய் ஊற்றும்போது சாயாது, இது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

வார்ப்பில் மேல்தோலுக்குக் கீழே ஊசித் துளைகள் இருக்கும், கடையும்போது அவை வெளியே வரும். அதனால் தேவைக்கு மேல் தடிமனாக வார்த்து, துளை மறையும்வரை கடைந்தார்கள். ஆறும்போது பித்தளை நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும், அச்சு அதற்குத் தக்கபடி பெரிதாக இருந்தது. விளிம்பில் விளக்குத் தண்டில் போடுவது போல இரண்டு வளையக் கோடு போட்டுக் கொடுத்தார், நாங்கள் கேட்கவில்லை. வில்லையின் அடியில் ஒரு காசு நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம், காசை வைத்துத் திருகினால் கழன்று வரும். பித்தளை சீக்கிரம் கறுக்கும். லாக்கர் பூசலாம் என்றேன். பத்திர எழுத்தரின் வீட்டம்மா ஒரே பேச்சில் முடித்தார்: "கழட்டிக் குடுங்க, புளி போட்டுத் தேச்சுக்கறேன்."

கீகேப்

ஆங்கில எழுத்துகளோடு தமிழும் அச்சிட்ட நல்ல பிபிடி பிளாஸ்டிக் கீகேப் (விசையின் மேல்மூடி) தேடினோம், திருப்தியாக ஒன்றும் சிக்கவில்லை. கும்பகோணத்தில் கோப்பையில் போட்டோ அச்சடித்துக் கொடுக்கும் கடையில் இருப்பதும் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் அதே முறைதான், சுமார் 200 டிகிரி. ஏபிஎஸ் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகிவிடும், பிபிடி 220-க்கு மேல்தான் உருகும். கேப்பின் தலை குழிவாக இருப்பதால் நடுவில் ஒரு சிலிக்கான் மெத்தை வைத்து அழுத்தினோம். பெரும்பாலான எழுத்துகள் சுத்தமாக விழுந்தன. ண மட்டும் அழிச்சாட்டியம் பண்ணியது. அதன் சுழிகள் அந்தச் சின்ன அளவில் சாயம் பரவி மூடிக்கொண்டு, தூரத்தில் பார்த்தால் கரும்புள்ளி. ஒரே தடிமனான மெல்லிய கோட்டெழுத்துக்கு மாறி, சுழிகளைக் கொஞ்சம் கிடையாக இழுத்து வரைந்த பிறகு சரியானது.

பத்திர எழுத்தர் எழுத்தே இல்லாத வெறும் கேப் கேட்டார். யார் பார்க்கிறார்கள் என்பது அவர் கேள்வி. ஆனால் விரல் வீடு திரும்பியதைச் சொல்லும் இரண்டு மேடுகள் மட்டும் எடுப்பாக வேண்டும் என்றார். தமிழ்99-இல் அவை புள்ளி விசையிலும் ப-விலும் வருகின்றன.

இப்போது

பத்திர எழுத்தர் மேசையில் பலகை வேலை செய்கிறது. சுண்டுவிரல் புகார் அடங்கிவிட்டது. சத்தம் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, சுற்றி நாலு பேர் பேச, எந்தப் பிளேட் என்ன நாதம் என்று யாருக்குக் கேட்கப் போகிறது! மென்பொருள்காரர் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார், அவருக்கு அது முக்கியம். கட்டைவிரல் ஷிஃப்ட் மட்டும் பத்திர எழுத்தருக்கு முதலில் பிடிபடவில்லை. கிரந்தம் வரும் இடமெல்லாம் பழைய ஷிஃப்ட்டுக்கே விரல் ஓடியது. கொஞ்சநாள் பொறுங்கள் என்றேன், இப்போது இரண்டையும் கலந்து அடிக்கிறார். அதுவும் சரிதான், பழைய ஷிஃப்ட்டை நாங்கள் எடுக்கவில்லை.

மீதமிருந்த பலகைகளில் ஒன்றை அவருடைய உதவியாளருக்குக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் தட்டச்சு நிலையத்தில் 'யளனக' பழகி வந்தவர், கணினியிலும் பழைய தட்டச்சு அமைப்புதான். அதில் புள்ளி வலது சுண்டுவிரலின் ஓய்விடத்திலேயே இருக்கிறது, தமிழ்99-இல் ந இருக்கும் அதே விசை. எழுதுவதில் அதிகம் வரும் குறிகளில் ஒன்று அந்த விரலுக்கு. இரட்டிப்புக்குத் தானாகப் புள்ளி விழும் வசதியும் கிடையாது, ஒவ்வொன்றையும் தட்டியாக வேண்டும். ச அங்கே அந்த விரலின் பொறுப்பிலேயே இல்லை. அதனால் அவர் பலகைக்கு ஸ்பிரிங் வரைபடத்தைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு விசைக்கு 40 கிராம் ஸ்பிரிங் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் அவரை உட்காரவைத்து ஒரு முழு கிரயப் பத்திரம் அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.